சம்பளத்தில் பிடித்த வரியை மறுபடி கட்டச் சொல்லி நோட்டீஸ்: என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் காவேரிப்பட்டணத்துக்காரர். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 2024-25 நிதியாண்டில் சம்பளம் 10,75,000 ரூபாய், புதிய வரி முறை. கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16இல் 52,000 ரூபாய் வரி பிடித்ததாக இருக்கிறது. ஆகஸ்டில் ரிட்டர்ன் போட்டிருக்கிறார், பாக்கி பூஜ்யம். நவம்பரில் 20,350 ரூபாய் கட்டச் சொல்லி 143(1) நோட்டீஸ் வந்துவிட்டது. "அப்பா கட்டிவிட்டு வேலையைப் பார் என்கிறார். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டரில் ரிவைஸ்டு, அதாவது திருத்திய ரிட்டர்ன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எது சரி?"

இரண்டுமே வேண்டாம். அப்பா சொல்வதுபோல் கட்டினால், ஏற்கெனவே சம்பளத்தில் போன வரியை இரண்டாவது தடவை கட்டுகிறீர்கள். பிரவுசிங் சென்டர் சொல்வதுபோல் ரிவைஸ்டு போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். அதே 52,000ஐப் போட்டால் அதே நோட்டீஸ் திரும்ப வரும். எண்ணைக் குறைத்துப் போட்டால் பாக்கி இருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். உங்கள் ரிட்டர்னில் தப்பு இல்லாதபோது அதை எதற்குத் திருத்த வேண்டும்? தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே திருத்த வேண்டும், அதுவும் வரிசை மாறாமல். இந்த மாதிரி நோட்டீஸில் மாதக்கணக்கில் அலைகிறவர்களில் பெரும்பாலோர் சட்டம் தெரியாமல் அலைவதில்லை, வரிசையை மாற்றிச் செய்துவிட்டு அலைகிறார்கள்.

முதலில் நோட்டீஸ் அசலா என்று பாருங்கள். வருமான வரித்துறை பெயரில் லிங்க் வைத்த எஸ்எம்எஸ், "இன்றைக்குள் கட்டாவிட்டால் கணக்கு முடக்கம்" என்ற வாட்ஸ்அப் எல்லாம் இப்போது ஏராளம். எந்த லிங்கையும் தொடாமல் வருமான வரி போர்ட்டலின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் டின் என்ற ஆவண எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை வைத்துக் கடிதம் உண்மையா என்று சோதிக்கும் வசதி போர்ட்டலின் முகப்புப் பக்கத்திலேயே இருக்கிறது, லாகின்கூட வேண்டாம். மெயிலில் வந்த பிடிஎஃப் திறக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள்: பான் எண் சின்ன எழுத்தில், அதோடு ஒட்டிப் பிறந்த தேதி, மாதம், வருடம் எட்டு இலக்கமாக. அதுதான் பாஸ்வேர்டு.

இங்கேயே இன்னொரு விஷயம். பிரவுசிங் சென்டரில் ரிட்டர்ன் போட்டவர்கள் போர்ட்டலில் 'மை ப்ரொஃபைல்' பக்கத்தைத் திறந்து, எந்த மொபைல் நம்பர், எந்த மெயில் இருக்கிறது என்று பாருங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எங்கு போனாலும் கதை ஒன்றுதான்: கடைக்காரர் தன்னுடைய மெயிலையே போட்டு வைத்திருப்பார். நோட்டீஸ் அவருக்குப் போகும், அவர் பார்க்க மாட்டார், கெடு முடிந்திருக்கும். அதை இன்றைக்கே மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் சேர்த்து.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். 143(1) என்பது அதிகாரி ஒருவர் உட்கார்ந்து உங்கள் கணக்கைக் கிளறி எழுதிய உத்தரவு இல்லை. பெங்களூருவில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்தில் கம்ப்யூட்டர் ஓட்டிப் பார்த்த கணக்கு. பயந்து கொண்டு முதல் பக்கத்தில் இருக்கும் தொகையையே பார்க்காதீர்கள். உள்ளே நீளமான அட்டவணை ஒன்று இருக்கும். இடது பக்கக் கட்டத்தில் நீங்கள் ரிட்டர்னில் சொன்ன எண், வலது பக்கக் கட்டத்தில் துறை கணக்கிட்ட எண். மேலிருந்து ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்குங்கள். சம்பளம், கழிவு, மொத்த வருமானம், வரி, செஸ் என்று இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்துகொண்டிருக்கும். எந்த வரியில் முதல் முறையாக எண் மாறுகிறதோ, வியாதி அங்கேதான். அதற்குக் கீழே உள்ள வித்தியாசமெல்லாம் அதனால் வந்தவை.

உங்கள் எண்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10,75,000இல் நிலைக்கழிவு 75,000 போனால் 10,00,000. அந்த ஆண்டின் புதிய முறைப்படி முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 7 முதல் 10 லட்சம் வரை 10 சதவீதம், 30,000. மொத்தம் 50,000, செஸ் 4 சதவீதம் 2,000. ஆக 52,000. உங்கள் வரி சரி, கம்பெனி பிடித்ததும் சரி. அப்படியானால் 20,350 எங்கிருந்து வந்தது? 18,000 ரூபாய் டிடிஎஸ், அதாவது சம்பளத்தில் பிடித்த வரி, துறையின் கணக்கில் வராமல் போயிருந்தால் இந்தத் தொகை அச்சாகப் பொருந்துகிறது. 18,000 பாக்கி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்துக்கு மாதம் 1 சதவீதம், 234பி வட்டி 1,440. அட்வான்ஸ் டாக்ஸ் தவணை தவறியதாக 234சி வட்டி 909. கூட்டினால் 20,349, பத்தின் மடங்காக்கினால் 20,350. ஆகவே அட்டவணையில் டிடிஎஸ் வரியில் இடது பக்கம் 52,000, வலது பக்கம் 34,000 என்று இருக்கும். பாருங்கள்.

அடுத்து போர்ட்டலில் 26ஏஎஸ் படிவத்தைத் திறங்கள். அது டிடிஎஸ் கணக்குகளுக்கான டிரேசஸ் தளத்துக்குக் கூட்டிப்போகும். உங்கள் பான் எண்ணில் யார் யார் எவ்வளவு வரி பிடித்துச் செலுத்தினார்கள் என்பதற்கான கணக்குப் புத்தகம் அது. கம்பெனியின் டான் எண்ணுக்கு (வரி பிடிப்பவர்களுக்குத் தரப்படும் எண்) நேரே தேதிவாரியாகப் பதிவுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துக் குறி. எஃப் என்றால் ஒப்புக்கொள்ளப்பட்டது. யு என்றால் கம்பெனி சொன்ன பணமும் பேங்கில் கட்டிய பணமும் ஒத்துப்போகவில்லை. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒழுங்காக இருந்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் காணாமல் போயிருக்கும் என்பது என் ஊகம். 18,000 என்ற தொகை கடைசிக் காலாண்டில் சேர்த்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. டிசம்பர் வரை குறைவாகப் பிடித்துவிட்டு, கடைசி மூன்று மாதத்தில் அழுத்திப் பிடிப்பது கம்பெனிகளின் வழக்கம்.

ஏன் காணாமல் போகிறது? வழக்கமாக மூன்று காரணங்கள்தான். யார் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடித்தோம் என்று கம்பெனி காலாண்டுதோறும் தரவேண்டிய 24க்யூ படிவத்தை அந்தக் காலாண்டுக்குத் தாக்கல் செய்யவில்லை. அல்லது தாக்கல் செய்தார்கள், உங்கள் பான் எண்ணில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டார்கள். அல்லது பணத்தைப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டவே இல்லை. மூன்றாவதுதான் வம்பு, அதைப் பிறகு சொல்கிறேன். பான் தப்பு என்றால் வேடிக்கை ஒன்று நடக்கும். அந்தத் தப்பு எண் யாரோ ஒருவருடைய பானாக இருந்தால், உங்கள் 18,000மும் மூன்று மாதச் சம்பளமும் அவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அவருக்கு "நீங்கள் இந்தச் சம்பளத்தைக் காட்டவில்லையே" என்று தனியாக ஒரு நோட்டீஸ் போகும். நீங்கள் அந்த இடத்தில் இருப்பவர் என்றால், போர்ட்டலில் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, அந்த வரிக்கு நேரே "இது என்னுடையதல்ல, வேறு பானுக்கு உரியது" என்று கருத்துப் பதிவு செய்ய வேண்டும்.

உங்கள் ஃபார்ம் 16ஐயும் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். அதில் ஏ பகுதி, பி பகுதி என்று இரண்டு உண்டு. ஏ பகுதி டிரேசஸ் தளத்திலிருந்தே கம்பெனி இறக்கித் தரவேண்டியது. அதில் சான்றிதழ் எண்ணும், காலாண்டுவாரியான ரசீது எண்களும் இருக்கும். பல சின்னக் கம்பெனிகள், குறிப்பாக ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் ஏஜென்சிகள், தங்கள் சாஃப்ட்வேரில் அடித்த பி பகுதியை மட்டும் சீல் போட்டுக் கொடுத்துவிட்டு இதுதான் ஃபார்ம் 16 என்பார்கள். அது கம்பெனி சொல்லும் கணக்கு, அரசுக்குப் போய்ச் சேர்ந்த கணக்கு இல்லை. ஏ பகுதி இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இப்போது வேலை கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில். போனில் சொன்னால் "பார்க்கிறோம் சார்" என்பார்கள், மறந்துவிடுவார்கள். மெயில் அனுப்புங்கள். நோட்டீஸின் டிடிஎஸ் பக்கம், 26ஏஎஸ், ஃபார்ம் 16, அந்த மூன்று மாத பே சிலிப் எல்லாவற்றையும் இணைத்து, "நான்காம் காலாண்டுக்கான 24க்யூவில் என் பான் எண்ணுக்கு 18,000 ரூபாய் வரவில்லை, கரெக்‌ஷன் ஸ்டேட்மென்ட் தாக்கல் செய்து ரசீது எண்ணைத் தெரிவிக்கவும்" என்று இரண்டே வரி. பான் எண்ணை மெயிலில் டைப் செய்யும்போது நான்காவது எழுத்து P என்று இருக்கிறதா பாருங்கள். தனிநபர் பான் எல்லாவற்றிலும் அது Pதான். படிவத்தைத் தாக்கலே செய்யவில்லை என்றால் கம்பெனிக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் பணிவாக ஞாபகப்படுத்தலாம். வேலை செய்கிற இடம், முறைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கு மட்டும் நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. உங்களோடு சேர்ந்தவர்கள் இரண்டு மூன்று பேரின் 26ஏஎஸ்ஸையும் திறந்து பாருங்கள். நாலு பேராகப் போய்க் கேட்டால் அக்கவுண்ட்ஸ் பிரிவின் வேகமே தனி.

அதே நேரத்தில் போர்ட்டலில் உங்கள் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்பதில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே உங்கள் 20,350 நிற்கும். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு: டிமாண்ட் சரி, டிமாண்டை ஏற்கவில்லை. அவசரத்தில் "சரி" என்பதைக் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் மறுத்துப் பேச அந்தப் பக்கத்தில் வழி கிடையாது. "ஏற்கவில்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து, டிடிஎஸ் வரவு தரப்படவில்லை என்ற காரணத்தைக் குறித்து, ஆவணங்களை இணைத்து அனுப்புங்கள். இதை நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும். கட்டுவதற்கான கெடு 30 நாள், அதன் பிறகு கட்டாத தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி ஏறத் தொடங்கும். டிமாண்டே ரத்தானால் அந்த வட்டியும் போய்விடும். ஆனால் பதிலே சொல்லாமல் கிடந்தவர் என்ற பெயர் எதற்கு?

இந்தப் பதில் மட்டும் போதும் என்று நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். போதாது. இது "நான் ஏற்கவில்லை" என்ற மறுப்பு, அவ்வளவுதான். கணக்கை மாற்றுவது 154ஆம் பிரிவின்படி போடும் ரெக்டிஃபிகேஷன், அதாவது பிழைதிருத்தம். அதை எப்போது போட வேண்டும் என்பதில்தான் நான் முதலில் சொன்ன வரிசை வருகிறது. நோட்டீஸ் வந்த கோபத்தில் அன்றைக்கே ரெக்டிஃபிகேஷன் போடுவார்கள். கம்ப்யூட்டர் மறுபடி 26ஏஎஸ்ஸைப் பார்க்கும், அங்கே இன்னும் 34,000தான் இருக்கும், அதே 20,350ஐ உறுதிப்படுத்தி இன்னொரு உத்தரவு வரும். சில சமயம் வட்டி கொஞ்சம் கூடியும் வரும். கம்பெனி திருத்தித் தாக்கல் செய்து, 26ஏஎஸ்ஸில் 52,000 முழுதாக ஏறி, எஃப் குறியும் வந்த பிறகு போடுங்கள். அப்போது போர்ட்டலில் 'சர்வீசஸ்' கீழே 'ரெக்டிஃபிகேஷன்' போய், 'ரீபிராசஸ் தி ரிட்டர்ன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த எண்ணையும் நீங்கள் மாற்ற வேண்டியதில்லை, மறுபடி ஓட்டிப் பார் என்கிறீர்கள், அவ்வளவே. இதற்கு அவசரமும் இல்லை. உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டு வரை பிழைதிருத்தம் கேட்கலாம்.

இன்னொரு சந்தேகம் வரும்: மெயிலில் 245 என்று வேறொரு நோட்டீஸ் வந்தால்? இந்த டிமாண்ட் நிலுவையில் இருக்கும்போது வேறு ஆண்டுக்கு உங்களுக்கு ரீஃபண்ட் வரவேண்டியிருந்தால், அதில் கழித்துக்கொள்ளப் போகிறோம் என்று சொல்வது அது. 21 நாள் அவகாசம் தருவார்கள். அதற்கும் தனியாக "ஏற்கவில்லை" என்று பதில் போட வேண்டும். முன்பே சொல்லியாயிற்றே என்று விட்டுவிட்டால் பணம் கழிந்துவிடும்.

இப்போது அந்த வம்பான மூன்றாவது காரணம். கம்பெனி பிடித்தது, கட்டவில்லை. அல்லது கம்பெனியே மூடிவிட்டார்கள், ஏஜென்சிக்காரர் போனை எடுப்பதில்லை. இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 205ஆம் பிரிவு சொல்வது இதுதான்: சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அந்த வரியை உங்களிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது. பிடித்தவர் கட்டாவிட்டால் அது அவருக்கும் அரசுக்கும் உள்ள பிரச்சினை. இதை வைத்து மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1 அன்று தன் அதிகாரிகளுக்கே கடிதம் எழுதியது, 2016 மார்ச் 11 அன்று மறுபடி வலியுறுத்தியது: இப்படிப்பட்டவர்களிடம் கட்டாயப்படுத்தி வசூலிக்காதீர்கள் என்று. ஆனால் பெங்களூரு மையத்தின் கம்ப்யூட்டருக்கு 205 தெரியாது, 26ஏஎஸ்தான் தெரியும். எனவே இதை உங்கள் வரிவிதிப்பு அதிகாரியிடம் எழுத்தில் கொண்டுபோக வேண்டும். பே சிலிப்பில் டிடிஎஸ் என்று காட்டிய தொகை, அந்தத் தொகை போக மீதிச் சம்பளம் கணக்கில் ஏறியதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட், நியமன உத்தரவு, கம்பெனிக்கு நீங்கள் அனுப்பிய மெயில்கள். பே சிலிப்பும் பேங்க் வரவும் ரூபாய் மாறாமல் ஒத்துப்போவதுதான் இதில் பலமான சாட்சி. ஆகவே வேலையை விட்டாலும் பே சிலிப்புகளை அழிக்காதீர்கள், கம்பெனி மெயிலில் மட்டும் வைத்திருந்தால் கடைசி நாளுக்கு முன் இறக்கிக்கொள்ளுங்கள்.

அந்த அதிகாரி யார் என்பதில் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. நம் பிள்ளைகள் நிறையப் பேர் முதல் வேலைக்கு பெங்களூரு போய், அங்கே ரூம் முகவரியில் பான் வாங்கியிருப்பார்கள். பிறகு ஓசூரில் வேலை, கிருஷ்ணகிரியில் வீடு. பான் கோப்பு மட்டும் பெங்களூருவிலேயே இருக்கும். போர்ட்டலின் முகப்பில் 'நோ யுவர் ஏஓ' என்பதில் பான் எண்ணைப் போட்டால் எந்த வார்டு என்று காட்டும். ஊர் அலுவலகத்துக்குப் போய் நின்றுகொண்டு, "உங்கள் பைல் இங்கே இல்லை" என்று கேட்டுவிட்டு வருவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். வேறு ஊரில் இருந்தால் பானில் முகவரியை மாற்றிவிட்டு, கோப்பை இங்கே மாற்றித் தரக் கோரி இரண்டு அலுவலகத்துக்கும் மனு கொடுக்கலாம். ஆனால் இந்த டிமாண்டுக்கான மனுவை அதுவரை நிறுத்தி வைக்காதீர்கள், இப்போது கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே போர்ட்டல் வழியாகவும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் போர்ட்டலிலேயே 'கிரீவன்ஸ்' என்ற புகார்ப் பகுதி இருக்கிறது. அதற்கு மேல் மத்திய அரசின் பொதுப் புகார்த் தளமான சிபிகிராம்ஸ். மேல்முறையீடு என்ற வழியும் உண்டு, ஃபார்ம் 35, உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள், உங்கள் வருமானத்துக்கு 1,000 ரூபாய் கட்டணம். கம்பெனி ஒத்துழைக்கும் என்றால் 18,000 ரூபாய் விவகாரத்துக்கு அதுவரை போகவேண்டாம் என்பது என் கருத்து. கம்பெனியே மறைந்துவிட்டது என்றால் கெடுவுக்குள் போட்டுவைப்பது நல்லது.

இது உங்கள் விஷயம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் நோட்டீஸ் வந்திருக்கும், ஆனால் எண் மாறிய வரி வேறாக இருக்கும். அப்போது மருந்தும் மாறும். அரூரிலோ பாலக்கோட்டிலோ ஒரு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஊதிய நிலுவை மொத்தமாக வந்தது, 89ஆம் பிரிவு நிவாரணத்தைக் கழித்து ரிட்டர்ன் போட்டார் என்று வையுங்கள். 10இ என்ற படிவத்தைப் போர்ட்டலில் தனியாகத் தாக்கல் செய்யாவிட்டால் அட்டவணையில் அந்த நிவாரணத் தொகை வலது பக்கம் பூஜ்யமாகிவிடும், ஆயிரக்கணக்கில் டிமாண்ட் வந்துவிடும். இங்கே தப்பு நம் பக்கம். ரிவைஸ்டு போடுவதற்கான கெடு தாண்டவில்லை என்றால் முதலில் 10இ, அப்புறம் ரிவைஸ்டு ரிட்டர்ன். மேலே வேண்டாம் என்று சொன்ன ரிவைஸ்டு இங்கே சரியான வழி.

தானே கட்டிய வரி காணவில்லை என்றால் செலானை எடுத்துப் பாருங்கள். நிதியாண்டையும் அதற்கு அடுத்து வரும் மதிப்பீட்டு ஆண்டையும் குழப்பி ஓர் ஆண்டு முன்னே பின்னே கட்டியிருப்பார்கள். கட்டிய சில நாட்களுக்குள் என்றால் போர்ட்டலில் செலான் திருத்தம் நீங்களே செய்யலாம், தாண்டிவிட்டால் அதிகாரியிடம் மனு.

நிலம் போனவர்களுக்கு வரும் நோட்டீஸ் தனி ரகம். தர்மபுரி அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் பக்கம் போகும் 844 தேசிய நெடுஞ்சாலை மாதிரியான திட்டங்களுக்கு நிலம் கொடுத்தவர்களிடம், "இவ்வளவு பணம் வந்ததே, வருமானத்தில் காட்டவில்லையே" என்று கேட்பார்கள். கிராமப்புற விவசாய நிலம் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தே இல்லை. கிராமப்புறம் என்றால் என்ன என்பதற்கு அளவு உண்டு. ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நகர எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்கு அப்பால். பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டருக்கு அப்பால். கடைசி மக்கள்தொகைக் கணக்குப்படி ஓசூருக்கு 6, கிருஷ்ணகிரி, தர்மபுரி நகராட்சிகளுக்கு 2. சிட்டா, அடங்கல், அவார்டு எனப்படும் இழப்பீட்டு உத்தரவின் நகல், தூரத்துக்குத் தாசில்தார் சான்று இருந்தால் பதில் எழுதுவது கஷ்டமில்லை.

விவசாயி என்றாலே வரி இல்லை என்று நினைத்துக் கொண்டு நோட்டீஸைத் தூக்கிப் போடுவதும் ஆபத்து. மாங்காய் மண்டிச் சீட்டு, தக்காளி கமிஷன் கடைச் சீட்டு வைத்திருந்தால், சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் கட்டியதை பேங்க் துறைக்குச் சொல்லியிருந்தாலும் விளக்கிவிடலாம். ஆனால் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு விற்ற பணம்? மல்பெரி வளர்த்து இலையாக விற்றால் விவசாய வருமானம். அதைப் புழுவுக்குப் போட்டுக் கூடாக விற்றால் விவசாய வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தோட்டத்திலேயே நாள் முழுக்கக் கிடப்பவருக்கு இது அநியாயமாகத்தான் படும், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் அந்த நோட்டீஸைத் தவறான நோட்டீஸ் என்று பதில் எழுத முடியாது.

கூலி வேலைக்குப் போகிறவருக்கு லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வருவது வேறு சங்கதி. லோன் வாங்கித் தருகிறேன் என்று யாரோ ஆதார், பான் நகல் வாங்கிக்கொண்டுபோய் அவர் பெயரில் கம்பெனி பதிவு செய்திருப்பார்கள். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலேயே பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தப் பானில் எத்தனை பதிவு இருக்கிறது என்று தெரியும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத பதிவு இருந்தால் அதை அச்செடுத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு நோட்டீஸ் அனுப்பிய வரி அலுவலகத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுங்கள். நமக்குத்தான் சம்பந்தமில்லையே என்று சும்மா இருந்தால் ஒருதலையாக உத்தரவு போட்டு பேங்க் கணக்கை முடக்கும்வரை போகும்.

போர்ட்டலைத் திறந்ததும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பாக்கி ஒன்று கண்ணில் பட்டால் பதறாதீர்கள். 2009-10 வரையான நிதியாண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் உள்ள பழைய டிமாண்டுகளைக் கைவிடுவதாக 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தார்கள், ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் வரை.

நான் சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம், அதில் எண்கள் வேறு. உங்களுடையது அதற்கு முந்தைய ஆண்டு என்பதால் மனுவில் பழைய எண்களையே எழுதுங்கள்.

கடைசியாக, ரீபிராசஸ் ஆகிப் புதிய உத்தரவு வந்ததும் அதோடு முடிந்ததென்று விடாதீர்கள். அதே அட்டவணையில் டிடிஎஸ் வரி இரண்டு பக்கமும் 52,000 ஆகிவிட்டதா, இரண்டு வட்டிகளும் பூஜ்யமா என்று பாருங்கள். அப்புறம் டிமாண்ட் பக்கத்தைத் திறங்கள். உத்தரவில் பாக்கி இல்லை என்று வந்தும் அந்தப் பக்கத்தில் பழைய 20,350 அப்படியே நிற்பது உண்டு. நின்றால், புதிய உத்தரவை இணைத்து அங்கேயே இன்னொரு முறை "ஏற்கவில்லை" என்று பதில் போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்று போர்ட்டலில் புகார் எழுதும்போது புதிய உத்தரவின் டின் எண்ணைக் குறிப்பிடுங்கள். கம்பெனி என்ன பதில் சொல்கிறது, 26ஏஎஸ்ஸில் எந்தக் காலாண்டு விடுபட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், மனு வாசகத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.